எட்டுப் படங்கள் இருக்கும்போது ஹாரி பாட்டருக்கு ஒரு தொடர் எதற்கு?

கேள்வி இதுதான்: "ஹாரி பாட்டர் படங்கள் எட்டும் இன்றைக்கும் பார்க்க நன்றாகவே இருக்கின்றன. டேனியல் ராட்கிளிஃபை விட்டால் வேறொரு முகத்தை ஹாரியாக நினைக்கவே முடியவில்லை. அதையே ஹெச்பிஓ மறுபடியும் முதலிலிருந்து தொடராக எடுக்கிறதே, இதனால் யாருக்கு என்ன பயன்? வெறும் காசு பார்க்கிற வேலைதானே?"

காசு பார்க்கிற வேலைதான். ஹெச்பிஓ தொலைக்காட்சியின் தாய் நிறுவனமான வார்னர், ஹாரி பாட்டர் உலகத்திலேயே நடக்கும் 'ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்' வரிசையை ஐந்து படங்களாகத் திட்டமிட்டது. 2016, 2018, 2022 என்று மூன்று படங்களோடு அது நின்றுபோனது. அடுத்த ஆண்டே, 2023 ஏப்ரலில், ஹாரி பாட்டர் நாவல்கள் ஏழையும் தொடராக எடுக்கப்போவதாக அறிவித்தார்கள். புதிதாக ஒரு உலகத்தை உருவாக்கி மக்களுக்கு அறிமுகப்படுத்துவதைவிட, எல்லோருக்கும் தெரிந்த பெயரைக் காட்டிச் சந்தாதாரர்களை இழுப்பது சுலபம். அதெல்லாம் சரி. ஆனால் 2001இல் வந்த முதல் படத்தையும் யாரும் தர்மத்துக்கு எடுக்கவில்லை. காசுக்காக எடுத்த நல்ல படங்கள் உலகத்தில் ஏராளம். அதனால் அந்த இடத்தில் நான் ரொம்ப நேரம் நிற்கப்போவதில்லை.

தொடர்களுக்குத் திரைக்கதை எழுதும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். பழைய படம் ஒன்றைத் தொடராக்கலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் முதலில் ஒன்றைத்தான் பார்ப்பேன். மக்கள் மனதில் தங்கியிருப்பது அந்தப் படமா, இல்லை படத்துக்குள் அடங்காமல் வெளியே நீண்டு கிடக்கும் கதையா? தங்கியிருப்பது படம்தான் என்றால் அதைத் தொடராக்குவது பெரும்பாலும் வீண். கதை பெரிது, படம் அதைச் சுருக்கித்தான் சொன்னது என்றால் தொடருக்கு நியாயம் இருக்கிறது.

'கஸாபிளாங்கா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1942இல் வந்த படம். அதைத் தொலைக்காட்சித் தொடராக்க இரண்டு முறை முயன்றார்கள். 1955இல் ஒரு முறை, 1983இல் மறுபடி ஒரு முறை. இரண்டாவது முயற்சி ஐந்து எபிசோடோடு முடிந்துபோனது. அந்தப் படத்தில் சொல்லாமல் விட்டது என்று எதுவுமே கிடையாது. விமான நிலையத்தில் காதலர்கள் ரிக்கும் இல்ஸாவும் பிரிகிற அந்தச் சில நிமிடங்களை நோக்கித்தான் ஒவ்வொரு காட்சியும் நகர்கிறது. ரிக்கின் விடுதியில் வாராவாரம் புதுப்புதுப் பிரச்சினைகள் வருவதாக எழுதலாம்தான். ஆனால் அப்படி எழுதினால், ஒரே ஒரு பிரச்சினைதான் அவன் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது என்பது செத்துவிடும்.

'ஃபார்கோ' இன்னும் சுவாரசியமான உதாரணம். கோயன் சகோதரர்களின் அந்தப் படம் 1996இல் வந்தது. மறு வருஷமே அதைத் தொடராக்க ஒரு முன்னோட்ட எபிசோட் எடுத்தார்கள். படத்தில் வந்த கர்ப்பிணி போலீஸ் அதிகாரி மார்ஜையே நாயகியாக வைத்து, வேறொரு நடிகையைப் போட்டு எடுத்தது அது. தொடராக வளரவே இல்லை. 2014இல் நோவா ஹாலி அதே பெயரில் ஒரு தொடர் செய்தார். மார்ஜ் அதில் கிடையாது, படத்தின் கதையும் கிடையாது. அந்தப் பனி, அந்த ஊர்க்காரர்களின் மரியாதையான பேச்சு, அதற்கு அடியில் ஓடும் கொடூரம், இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு புதுக் கதை சொன்னார். அது ஓடியது, ஐந்து சீசன்கள் வந்தன. ஒரே படம், இரண்டு முயற்சிகள். நேசித்த மனிதர்களை நகலெடுத்தது முளைக்கவில்லை, அந்த மண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது முளைத்தது.

இவையெல்லாம் படமாகவே பிறந்தவை. ஹாரி பாட்டர் வேறு வகை. அதற்கு மூலம் நாவல். நாவலைப் படமாக்கி, பிறகு அதையே தொடராக்கியதற்கும் நல்ல உதாரணங்கள் உண்டு. லெமனி ஸ்னிக்கெட்டின் 'எ சீரிஸ் ஆஃப் அன்ஃபார்ச்சுனேட் ஈவென்ட்ஸ்' மொத்தம் 13 புத்தகங்கள். 2004இல் வந்த படம் முதல் மூன்று புத்தகங்களை ஒரே படத்துக்குள் திணித்தது, அதோடு நின்றும்போனது. 2017 முதல் 2019 வரை நெட்ஃபிளிக்ஸில் வந்த தொடரோ, ஒரு புத்தகத்துக்கு இரண்டு எபிசோட், கடைசிப் புத்தகத்துக்கு மட்டும் ஒன்று என்று 25 எபிசோடில் 13ஐயும் சொல்லி முடித்தது. குழந்தைகள் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு புதுப் பாதுகாவலரிடம் போய், நம்பி, ஏமாந்து, அடுத்த வீட்டுக்குப் போவதுதான் அந்தக் கதை. அந்தத் திரும்பத் திரும்ப வரும் ஏமாற்றம் இல்லாமல் அதில் ஒன்றுமில்லை. படத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை.

பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' கதையும் அப்படித்தான். 2007இல் 'தி கோல்டன் காம்பஸ்' என்று முதல் நாவலைப் படமாக்கினார்கள். அந்த நாவல் ஒரு சிறுவனின் சாவில் முடிகிறது. மனதை அறைகிற முடிவு. அதை எடுத்துமுடித்த பிறகு, 'அடுத்த படத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று வெட்டிவிட்டு, நம்பிக்கையான இடத்திலேயே படத்தை நிறுத்தினார்கள். அடுத்த படம் வரவே இல்லை. 2019இல் பிபிசியும் ஹெச்பிஓவும் சேர்ந்து அதைத் தொடராக்கின, மூன்று சீசன்களில் மூன்று நாவல்களும் முடிந்தன, அந்தச் சாவும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். ஹாரி பாட்டர் தொடரின் ஷோரன்னராக, அதாவது எழுத்துக்கும் தயாரிப்புக்கும் தலைமைப் பொறுப்பாளராக இருக்கும் ஃபிரான்செஸ்கா கார்டினர் அந்தத் தொடரில் வேலை செய்தவர்.

சரி, இப்போது ஹாரிக்கு வருவோம்.

எட்டுப் படங்களின் நீளத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 19 மணி 40 நிமிடம் வருகிறது. கேட்க நிறைய மாதிரி இருக்கும். ஆனால் அந்த நேரத்தைப் பங்கிட்டதில்தான் சங்கதி. இரண்டாம் நாவல் பிரிட்டிஷ் பதிப்பில் 251 பக்கம். அதன் படம் 161 நிமிடம், எட்டிலும் நீளமானது அதுதான். ஐந்தாம் நாவல் 766 பக்கம், ஏழில் மிகப் பெரியது. அதன் படம் 138 நிமிடம், வந்த சமயத்தில் அந்த வரிசையிலேயே சிறிய படம். புத்தகம் மூன்று மடங்கு பெருக்க, படம் 23 நிமிடம் சுருங்கியிருக்கிறது. முதல் இரண்டு நாவல்களுக்குத் தாராளமாகக் கிடைத்த இடம், கதை கனத்துப்போன பின்னால் வந்தவற்றுக்குக் கிடைக்கவே இல்லை.

இதில் என்ன போனது என்று ஒரே ஒரு காட்சியை வைத்துச் சொல்கிறேன். ஐந்தாம் நாவலில் கிறிஸ்துமஸ் விடுமுறை. ஹாரியின் நண்பன் ரானின் அப்பா பாம்புக் கடி பட்டு மந்திரவாதிகளின் மருத்துவமனையில் கிடக்கிறார். அவரைப் பார்க்கப் போன பிள்ளைகள் எதேச்சையாக ஒரு பூட்டிய வார்டுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே கடைசிப் படுக்கைகளைச் சுற்றிய திரைக்குப் பின்னாலிருந்து நெவில் லாங்பாட்டமும் அவனுடைய பாட்டியும் வருகிறார்கள். வகுப்பில் எதையாவது மறந்து, உடைத்து, எல்லோரிடமும் திட்டு வாங்கும் அதே நெவில். அவனுடைய அப்பாவும் அம்மாவும் பல வருஷமாக அந்த வார்டில்தான் இருக்கிறார்கள். கதையின் வில்லன் வோல்டமார்ட்டின் ஆட்கள் செய்த சித்திரவதையில் புத்தி பேதலித்தவர்கள். இவர்களிடம் ஏன் சொல்லவில்லை, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று பாட்டி அவனை அதட்டுகிறாள். அப்போது அம்மா இரவு உடையோடு தயங்கித் தயங்கி நடந்து வருகிறாள். முகம் வற்றிப்போய், தலை நரைத்து, கையில் எதையோ பிடித்துக்கொண்டு. அதை நெவிலின் கையில் வைக்கிறாள். பபுள்கம் சுற்றி வந்த வெற்றுத் தாள். நெவில் அவளுக்கு மெதுவாக நன்றி சொல்கிறான். அப்புறம் நண்பர்களை ஒரு பார்வை பார்க்கிறான், 'சிரித்துத்தான் பாருங்களேன்' என்பதுபோல. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. "அதைக் குப்பையில் போடு, இதுவரை அவள் கொடுத்ததை வைத்து உன் அறைச் சுவர் முழுக்க ஒட்டலாம்" என்று பாட்டி சொல்கிறாள். ஆனால் வெளியே போகும்போது நெவில் அந்தத் தாளைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதை ஹாரி பார்க்கிறான்.

படத்தில் இந்தக் காட்சி இல்லை. அதற்குப் பதில் நெவில் ஹாரியிடம் தனியாக ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்தபடி தன் பெற்றோருக்கு நடந்ததைச் சொல்கிறான். அந்தப் பையன் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், விஷயமும் நமக்கு வந்துசேர்கிறது. ஆனால் அந்த வார்டில் நாமும் கால் மாற்றி நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவிக்கும் அந்த நிமிடம் வரவில்லை. கடைசி நாவலில் அவன் வாளை உருவி வோல்டமார்ட்டின் பாம்பை வெட்டும்போது, படிப்பவர்களுக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரும். படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஒரு பயந்தாங்கொள்ளிப் பையன் வீரனான சந்தோஷம், அவ்வளவுதான்.

படத்தை எடுத்தவர்களைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. 138 நிமிடத்தில் கதை முடிய வேண்டும் என்று என் கையில் கொடுத்திருந்தால் நானும் முதலில் வெட்டுவது அந்தக் காட்சியைத்தான். அது கதையை ஓர் அடிகூட முன்னால் நகர்த்தவில்லை. மருத்துவமனை, வார்டு, திரை, நான்கு பிள்ளைகள், பாட்டி, அம்மா என்று குறைந்தது ஐந்தாறு நிமிடம் தின்னும். இரண்டரை மணிநேரப் படத்தில் அந்தச் செலவுக்குக் கணக்குக் காட்ட முடியாது. தொடரில் அந்தக் காட்சியை நடுவில் வைத்து ஒரு முழு எபிசோடையே கட்டலாம். இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். படத்தில் ஒவ்வொரு காட்சியும் முடிவைப் பார்த்து ஓடியாக வேண்டும். தொடரில் ஒரு காட்சி ஒரு மனிதனுக்காக நிற்கலாம்.

டாபியும் இப்படித்தான். மாலஃபாய் வீட்டு அடிமையாக இருந்து விடுதலை பெற்ற அந்தக் குட்டி எல்ஃப் (மந்திரவாதிகளின் வீட்டு வேலை செய்யும் குள்ளப் பிறவி), நாவல்களில் நான்கு, ஐந்து, ஆறு என்று தொடர்ந்து ஹாரிக்கு உதவிக்கொண்டே வருவான். ஹாரி படிக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளியின் சமையலறையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பான். தண்ணீருக்கு அடியில் மூச்சுவிடுவதற்கான செடியைத் திருடிக்கொண்டு வந்து கொடுப்பதும் அவன்தான். படத்தில் அந்தச் செடியை நெவில் கொடுக்கிறான். டாபி 2002 படத்தில் போனவன் 2010 படத்தில்தான் திரும்பி வருகிறான், வந்த படத்திலேயே செத்தும் போகிறான். கடற்கரையில் ஹாரி மந்திரமே இல்லாமல் மண்வெட்டி பிடித்து அவனுக்குக் குழி தோண்டும்போது கண்ணீர் வரத்தான் செய்கிறது. ஆனால் எட்டு வருஷம் காணாமல் போயிருந்த ஒருவனுக்காக அழுவதும், நாள்தோறும் கூட இருந்தவனுக்காக அழுவதும் ஒன்றில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இதை அதிகம் பேர் பேசிக் கேட்டதில்லை. முதல் படம் 2001 நவம்பரில் வந்தபோது நான்கு நாவல்கள்தான் வெளியாகியிருந்தன. ஏழாவது வந்தது 2007 ஜூலையில். அதாவது ஐந்து படங்கள் கதையின் முடிவு அச்சில் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்டவை. எதை வெட்டினால் பின்னால் இடிக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஐந்தாம் படத்தில் க்ரீச்சர் என்ற எல்ஃபைத் தூக்கிவிடலாம் என்று இருந்தார்கள். அவன் பின்னால் தேவைப்படுவான் என்று நாவலாசிரியர் ரௌலிங் சொன்ன பிறகுதான் வைத்துக்கொண்டார்கள். அது தப்பித்தது. ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் அவனுக்குக் கொடுக்கும் கண்ணாடி தப்பிக்கவில்லை. ஐந்தாம் நாவலில் கொடுக்கிறார், படத்தில் விட்டுவிட்டார்கள். ஏழாம் கதையில் அந்தக் கண்ணாடித் துண்டு உயிர்காக்கும் பொருள். வேறு வழியில்லாமல் படத்தில் திடீரென்று ஹாரியின் கையில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று தியேட்டரில் பக்கத்தில் இருந்தவர் என்னிடம் கேட்டார், நான் கிசுகிசுப்பாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஆறாம் படத்தில் வோல்டமார்ட்டின் அம்மாவைப் பற்றிய நினைவுகள் மொத்தமும் போய்விட்டன. மருந்து கொடுத்துக் காதலை வரவழைத்து, அது தெளிந்ததும் கைவிடப்பட்டுச் செத்துப்போன ஒரு பெண்ணின் மகன் அவன். காதலைப் புரிந்துகொள்ளவே முடியாத ஒருவனுக்கு அப்படியொரு பிறப்பு. அதை விட்டுவிட்டால் வோல்டமார்ட் வெறும் மூக்கில்லாத வில்லன்.

முழுக் கதையையும் கையில் வைத்துக்கொண்டு முதல் எபிசோடை எழுத உட்காரும் வாய்ப்பு இப்போதுதான் முதல்முறையாகக் கிடைக்கிறது. எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஏழாவது சீசனில் பலிக்க வேண்டியதற்கு முதல் சீசனிலேயே விதை போடலாம்.

ஹாரியை வெறுக்கும் ஆசிரியர் ஸ்நேப் விஷயத்தில் இது நன்றாகத் தெரியும். படங்களில் ஸ்நேப்பாக நடித்த ஆலன் ரிக்மனை யாராலும் மறக்க முடியாது, நானும் மறக்கப்போவதில்லை. ஆனால் முதல் படம் வந்தபோது அவருக்கு 55 வயது. நாவலில் ஹாரி பள்ளியில் சேரும்போது ஸ்நேப்புக்கு 31 வயதுதான். ஹாரியின் அப்பாவும் அம்மாவும் செத்தது 21 வயதில். படங்களில் எல்லோருமே நடுத்தர வயதுக்காரர்களாகத் தெரிந்ததால் இது நமக்கு உறைக்கவே இல்லை. 31 வயது என்றால், பள்ளியில் தன்னைத் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சிரித்த ஜேம்ஸின், அதாவது ஹாரியுடைய அப்பாவின் முகத்தை மறக்க அவனுக்குக் கிடைத்தது பதினைந்தே வருஷம். அதே முகத்தோடு ஒரு 11 வயதுப் பையன் முன் பெஞ்சில் வந்து உட்காருகிறான். ஸ்நேப்பின் வெறுப்பு எவ்வளவு அற்பமானது, எவ்வளவு பரிதாபமானது என்பது இரண்டும் அந்த வயதில்தான் இருக்கிறது. தொடரில் ஸ்நேப்பாக நடிக்கும் பாப்பா எஸ்ஸியெடு 1990இல் பிறந்தவர். வயது சரியாகப் பொருந்துகிறது. அவர் கறுப்பினத்தவர் என்பதற்காக எழுந்த கூச்சலில் நிறவெறியாக வந்ததற்கெல்லாம் பதில் சொல்லத் தேவையில்லை. ஆனால் எழுத்தாளர்கள் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜேம்ஸின் கூட்டம் ஒரு கறுப்பினச் சிறுவனைத் தலைகீழாகத் தொங்கவிடும்போது அந்தக் காட்சியின் பொருள் கனத்துவிடும். அதைக் கண்டும் காணாததுபோல் எடுத்தால் தப்பாகிவிடும், நேராக எதிர்கொண்டால் நாவலில் இல்லாத ஓர் ஆழம் வரும்.

இதுவரை ஒரு பக்கம் மட்டும் பேசிவிட்டேன். மறுபக்கத்துக்கு மூன்றாவது படம் சாட்சி.

அல்ஃபோன்சோ குவாரோன் இயக்கிய அந்தப் படம்தான் எட்டில் எனக்குப் பிடித்தது. என்னைப் போலச் சொல்பவர்கள் நிறையப் பேர். வெட்டியதில் தயவுதாட்சண்யமே பார்க்காத படமும் அதுதான். போன விடுமுறையில் அக்கா மகள் அதைப் பார்த்துவிட்டு, "மாமா, அந்த மேப்பைச் செஞ்சது யாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பள்ளிக்கூடத்தில் யார் எங்கே நடக்கிறார்கள் என்று காட்டும் அந்த வரைபடத்தை ஹாரியின் அப்பாவும், அவருடைய பள்ளி நண்பர்கள் லூபினும், சிரியஸும், பீட்டரும் சேர்ந்து செய்தார்கள் என்பதைப் படம் எந்த இடத்திலும் சொல்லவில்லை. நான்கு நண்பர்களின் கதை, அந்த நாவலின் இதயம், அப்படியே போய்விட்டது. ஆனாலும் படம் நிற்கிறது. கிட்டே வருபவர்களை அடிக்கிற ஒரு மந்திர மரம் பள்ளியில் இருக்கிறது. அது ஒரு சின்னப் பறவையை நசுக்குகிறது, இலை உதிர்க்கிறது, பனி சொட்டச் சொட்டத் தன்னை உதறிக்கொள்கிறது. சில நொடிகள்தான். பருவங்கள் போய்விட்டன, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லாமல் தெரிந்துவிடுகிறது. பத்து எபிசோட் கொடுத்தாலும் இதைச் செய்யத் தெரியாதவர்களுக்குச் செய்ய வராது.

அதனால் 'நாவலில் இருப்பது ஒன்றுவிடாமல் வரும்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குப் பயம்தான் வருகிறது. ஒன்றுவிடாமல் வருவது ஒரு பட்டியல், அது நாடகம் ஆகாது. ஏழு நாவல்களில் விடலாம், விடத்தான் வேண்டும் என்ற பகுதிகளும் இருக்கின்றன. நாடகம் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கவும், எங்கே ஓடுகிறதோ அங்கே ஓடவும் தெரிந்தவர் வேண்டும். கடைசி நான்கு படங்களை எடுத்த டேவிட் யேட்ஸே தொலைக்காட்சியிலிருந்து வந்தவர்தான். 2003இல் பிபிசிக்காக அவர் இயக்கிய 'ஸ்டேட் ஆஃப் ப்ளே' ஆறு மணிநேரத் தொடர், ஒரு நிமிடம்கூடத் தளராது. அதை 2009இல் ஹாலிவுட்டில் வேறொருவர் 127 நிமிடப் படமாக்கியபோது, பத்திரிகை அலுவலகத்தின் அந்த மனிதர்கள் வெறும் நிழல்களாகிவிட்டார்கள். அந்தத் தொடரைச் செய்த யேட்ஸுக்கே 766 பக்கத்தைக் கொடுத்து 138 நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தொடரின் இயக்குநர்களில் முக்கியமானவர் மார்க் மைலாட். 'சக்செஷன்' தொடரில் அவர் எடுத்த எபிசோடுகளைப் பார்த்தவன் என்ற முறையில் இந்தப் பக்கம் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

நம்பிக்கை குறைவது பிள்ளைகளின் வயதில்தான். 2001 நவம்பர் 16இல் முதல் படம் வெளியானது. மூன்றாம் நாளே இரண்டாம் படத்தின் படப்பிடிப்பு தொடங்கியது. அந்த வேகத்தில் ஓடியும் 17 வயது ஹாரியை ராட்கிளிஃப் நடித்து முடிக்கும்போது அவருக்கு 20 தாண்டிவிட்டது. இப்போதைய தொடர்கள் ஓடும் வேகம் என்ன? 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' 2016இல் தொடங்கி 2025இல் முடிந்தது. ஒன்பது வருஷத்தில் ஐந்து சீசன்கள், நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மட்டும் மூன்றரை வருஷம். கதைக்குள் கடந்ததோ நான்கே ஆண்டுகள். இருபது தாண்டியவர்கள் பள்ளிப் பிள்ளைகளாக நடித்தார்கள். ஹாரி பாட்டரில் இது வேறு எந்தக் கதையையும்விட அதிகமாக இடிக்கும், ஏனென்றால் ஒரு சீசன் என்பது ஒரு பள்ளி ஆண்டு. செப்டம்பர் 1 ரயிலேறினால் ஜூனில் இறங்க வேண்டும். பிரிட்டனில் குழந்தை நடிகர்களை ஒரு நாளில் இத்தனை மணிநேரம்தான் வேலை வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அது இருக்கவும் வேண்டும். எட்டுப் படங்கள் எடுத்த அதே லீவ்ஸ்டன் ஸ்டுடியோவில் 2025 ஜூலையில் படப்பிடிப்பைத் தொடங்கியிருக்கிறார்கள். சீசனுக்கு இரண்டு வருஷம் என்று ஆகிவிட்டால் ஏழுக்குப் பதினான்கு வருஷம். 30,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளிலிருந்து தேர்ந்தெடுத்த மூன்று பேரும் 25 வயதில் சீருடை போட்டு நிற்பார்கள்.

ஏழும் வருமா என்பது அதைவிடப் பெரிய கவலை. 'வெஸ்ட்வேர்ல்ட்' 1973இல் வந்த படம். இதே ஹெச்பிஓதான் 2016இல் அதைத் தொடராக்கியது. ஐந்து சீசன்களில் முடிப்பதாகப் படைப்பாளிகள் எண்ணியிருந்தார்கள். நான்கோடு 2022இல் நிறுத்திவிட்டார்கள். அதோடு விடாமல், தங்கள் தளத்திலிருந்தே அந்தத் தொடரைத் தூக்கிவிட்டார்கள். எட்டுப் படங்கள் எவ்வளவு குறையோடு இருந்தாலும் முடிந்தவை. தொடர் நான்கில் நின்றால், அதுவரை போட்ட விதையெல்லாம் வீண்.

இதில் ஒரு கொடுமையான சிக்கல் இருக்கிறது. தொடர் தேவையே இல்லாத நாவல் முதலாவதுதான். 223 பக்கத்தை 152 நிமிடத்தில் முதல் படத்தின் இயக்குநர் கிறிஸ் கொலம்பஸ் ஏறக்குறைய முழுதாகவே சொல்லிவிட்டார். மந்திரக்கோல் கடை, ஒன்பதே முக்கால் பிளாட்ஃபார்ம், மிதக்கும் மெழுகுவர்த்திகள், ஜான் வில்லியம்ஸின் இசை எல்லாம் ஒரு தலைமுறையின் ஞாபகத்தில் செதுக்கிவைத்ததுபோல் இருக்கின்றன. புதுத் தொடர் வெல்லவே முடியாத இடம் அது. ஆனால் அதை வைத்துத்தான் எல்லோரும் தீர்ப்பு எழுதுவார்கள். 'படமே போதுமே, இது எதற்கு?' என்று கேட்பார்கள். முதல் சீசனைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் தப்பே இருக்காது. அடுத்த ஆண்டும் கிட்டத்தட்ட அதே நிலைதான். மூன்றாவதில் வரைபடத்தின் கதை வர வேண்டும். நான்காவதில் புத்தகம் 636 பக்கமாக உப்பும்போதுதான் தொடர் தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கும். அதுவரை பார்வையாளர்களுக்குப் பொறுமை இருக்குமா, நிறுவனத்துக்குப் பொறுமை இருக்குமா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இன்னொரு வகை எதிர்ப்பும் இருக்கிறது, அது கலை பற்றியது அல்ல. ரௌலிங் இந்தத் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். திருநர் உரிமைகள் குறித்து அவர் சொல்லிவரும் கருத்துகளால் மனம் புண்பட்டு, இந்தத் தொடரைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள். படங்களின் முக்கிய நடிகர்களான ராட்கிளிஃப், எம்மா வாட்சன், ரூபர்ட் க்ரின்ட் மூவருமே 2020இல் அவரோடு வெளிப்படையாக மாறுபட்டார்கள். 'இதை எடுப்பது தேவையா' என்ற கேள்விக்கு அவர்களுடைய பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. நான் மேலே சொன்னது எதுவும் அதற்கு மறுப்பு ஆகாது.

என் பதில் இதுதான்: எடுப்பது தேவைதான், ஏழையும் எடுத்து முடித்தால் மட்டும். படங்கள் செத்துவிடப்போவதில்லை. ராட்கிளிஃபின் முகத்தை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கப்போவதும் இல்லை. முதல் சீசன் வந்ததும் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள், ஆனால் நான்காவது வரும்போது மறுபடி ஒரு முறை எட்டிப்பாருங்கள். அதற்குள் நேரம் இருந்தால் ஐந்தாம் நாவலில் 23ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது படித்துவையுங்கள். அக்கா மகளுக்கு நான் மூன்றாம் நாவலைக் கொடுத்தேன். வரைபடத்தைச் செய்தவர்கள் யார் என்பது வரும் பக்கத்தை அடைந்ததும் ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்தாள்.